சுண்ணாம்பு அடித்த கற்கள்

1927 மார்ச் 7, திங்கள்

மழை இல்லை. ஐந்தாம் வகுப்பின் கையில் இன்று முதன்முறையாக மண்வெட்டி கொடுத்தேன். நான் படித்த ஈப்போ மிஷன் விடுதியில் எங்களுக்குத் தோட்டப் பாடம் உண்டு. நிலத்தை அளந்து, விதையை எண்ணி நட்டு, அதையே பிறகு கணக்காகவும் கட்டுரையாகவும் எழுதுவோம். அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன். பன்னிரண்டடிக்கு நாலடியில் மூன்று பாத்திகள். இரண்டு மாதமாகச் செங்கோணம் புரியாத பத்துமலை, நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியதும் புரிந்துகொண்டான்.

"இதத்தான் இம்புட்டு நாளா பலகையில எழுதிக்கிட்டு இருந்தீங்களா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்.

இந்த வகுப்பு இந்த வருஷம்தான் திறந்தது. பதினெட்டுப் பிள்ளைகள். இருபத்தொன்றாம் தேதி இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். பதினைந்து தலைக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்களாம். "மிஸ் பாப்பா, மறந்துவிடாதீர்கள்" என்று தலைமையாசிரியர் சதாசிவம் சார் இன்றும் சொன்னார். மூடினால் மறுநாளே எல்லாரும் புல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். பால்மரம் வெட்டுகிறவள் மகள் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிவிட்டாள் என்று என்னைப் பற்றி இந்த ரப்பர் தோட்டமே பேசியது. அவள் வந்த மூன்றாம் மாதமே ஒரு வகுப்பு போனது என்று பேச வைக்கக் கூடாது.

பாப்பா என்பது ஒரு பெயரா? சான்றிதழிலும் அதுதான். விடுதியில் எவ்வளவு சிரித்தார்கள். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "வாயில வந்துச்சு, கூப்பிட்டோம்" என்றாள்.

பாத்திக்குக் கரை வேண்டும். புதன்கிழமை ஆளுக்கு இரண்டு கல், உருண்டையாக, ஒரே அளவாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, புதன்

முப்பத்தாறு கல். இவ்வளவு அழகாக வரும் என்று நினைக்கவில்லை. தேய்த்து வைத்தது போன்ற ஆற்றுக் கற்கள், எல்லாம் ஏறக்குறைய தேங்காய் அளவு.

எங்கே கிடைத்தன என்று கேட்டேன். "ஆறாம் நம்பர் காட்டுக்குப் பின்னால டீச்சர். வரிசையா கெடந்துச்சு" என்றான் பத்துமலை. "அங்க பாம்பு இருக்கு, போகக் கூடாதும்பாங்க. ஒரு பாம்பையும் காணோம்."

விடுதித் தோட்டத்தைப் போல எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தோம். காளியம்மா மட்டும் ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பேசாத பெண். வெட்கம் என்று நினைத்து நானே வாங்கி வாளியில் முக்கினேன். சாயங்காலம் பாத்திகள் வெள்ளைக் கரையோடு பளிச்சென்று இருந்தன. சதாசிவம் சார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 10, வியாழன்

நடந்ததே திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது. எழுதினால் நிற்குமோ என்று எழுதுகிறேன்.

ரப்பர்ப் பால் நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரம். பத்துமலையின் அம்மா செல்லாயி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர். வெறும் பால்வாளி இன்னும் கையில் இருந்தது. பாத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எங்க புள்ளைங்க தலமாட்டுக் கல்ல எடுத்தா நீ கீரைக்கு வரப்பு கட்டுனே?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

பச்சைக் குழந்தை போனால் எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெற்றவளே ஆற்றில் இறங்கி ஒரு கல் பொறுக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் வைப்பாள். அதோடு சரி. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அதுகளையும் தேடி வரும் என்று பயம். அதற்குத்தான் அந்தப் பாம்புக் கதை. ஏழு வயதில் விடுதிக்குப் போன எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"சுண்ணாம்பு வேற அடிச்சு வச்சிருக்கா. எது யாருதுன்னு இப்ப எப்படித் தெரியும்?" என்றாள் இன்னொருத்தி. அதற்குத்தான் மற்றவர்கள் அழுதார்கள்.

பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ராத்திரி அம்மா எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 11, வெள்ளி

வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று.

கங்காணி உடையப்பனிடம் சொல்லியாயிற்று, அவர் ஒரு அதட்டுப் போட்டால் திங்கட்கிழமை எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றார் சதாசிவம் சார். "கல்லை யாரையாவது விட்டு அங்கேயே கொட்டிவிடச் சொல்லுங்கள்."

கொட்டிவிட.

"வேண்டாம் சார்" என்றேன். என் குரல்தானா அது? கங்காணியும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம் என்றேன். "அப்படியானால் வகுப்பு உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 12, சனி

காலையிலிருந்து குழாயடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். சுண்ணாம்பு விரல் இடுக்கெல்லாம் அரித்துவிட்டது. எட்டாவது கல்லின்போது காளியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா, இது என்னவென்று?"

"தெரியும் டீச்சர். தம்பியப் பொதைக்கும்போது ஒளிஞ்சு நின்னு பாத்தேன்."

"தெரிந்துமா கொண்டுவந்தாய்?"

கல்லைத் திருப்பி வைத்துத் தேய்த்தாள். "அங்க தனியா கெடக்கான். இங்கன்னா புள்ளைங்க இருக்கும்னுதான்."

முப்பத்தாறையும் கழுவி முடித்தோம்.

மார்ச் 13, ஞாயிறு

லயத்துக்குப் போனேன். நானே. செல்லாயி வீட்டு வாசலில் நின்று, நேற்று முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கல்லைக் கழுவிவிட்டேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தேன். கங்காணியை அனுப்பமாட்டேன். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "போ, வாரேன்" என்றாள்.

மூன்று மணிக்கு வந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கு விரித்து வரிசையாக வைத்திருந்தேன். யாரும் பார்த்து எடுக்கவில்லை. தொட்டு எடுத்தார்கள். கையில் வாங்கித் திருப்பி, கனம் பார்த்து, ஒரு மூக்கையோ பள்ளத்தையோ விரலால் தடவிவிட்டு, இது என்னுது என்றார்கள். இரண்டு பேர் ஒரே கல்லுக்கு வரவே இல்லை. காமாட்சியின் அம்மா நான்கு எடுத்தாள். நான்கு. செல்லாயி மூன்று எடுத்து, இரண்டைப் பத்துமலை கையில் கொடுத்தாள்.

அவன் அவற்றை மாறி மாறிப் பார்த்தான். "அம்மா, எனக்கு மூணு பேரா?"

"வாய மூடிக்கிட்டுத் தூக்குடா" என்றாள். ஆனால் அவன் தலையில் கை வைத்திருந்தாள்.

நானும் கூடப் போனேன். ஆறாம் நம்பர் காட்டின் கடைசி மரத்தைத் தாண்டியதும்—நாங்கள் எடுத்தது முப்பத்தாறு. எடுக்காதவை அங்கே கிடந்தன. எண்பதுவரை எண்ணினேன். அதன் பிறகு எண்ண முடியவில்லை. இருநூறு வீடுகூட இல்லாத தோட்டம் இது.

திரும்பி வந்தபோது வராந்தாவில் ஒரு கல் மீதி இருந்தது.

மார்ச் 14, திங்கள்

பதினொரு பேர். கல் என் மேசைமேல் இருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை. பெற்றவள் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாளோ, அவளே போய்விட்டாளோ.

மார்ச் 15, செவ்வாய்

அம்மா வேலை முடிந்து நேரே வகுப்பறைக்கு வந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவள் இதுவரை இந்த அறைக்குள் வந்ததில்லை. மேசையருகில் வந்து கல்லை எடுத்து, அதன் அடியிலிருந்த ஒரு பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள். விரல் அதில் சரியாகப் பொருந்தியது.

"யாருதும்மா?"

"உனக்கு மூத்தது."

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களோடு வந்து ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ பாத்துக்கிட்டு நின்னியே."

"பேரு?"

"வச்சேன். சௌந்திரம்னு. பேரு வச்சு நாப்பது நாளு இருந்துச்சு. பேரச் சொல்லித்தான் எதுவோ கூட்டிக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சேன். ஒனக்கு வைக்கல. பாப்பான்னா எந்தப் பாப்பான்னு தெரியாதுல்ல." கல்லை முந்தானையில் சுற்றினாள். "மிஷன் அம்மா பேரு கேட்டப்பகூட வாய் வரல."

வெளியே போய்விட்டாள். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும்.

எத்தனை தடவை பாப்பா என்ற பெயருக்காக அவளிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, வியாழன்

செல்லாயி ஒரு கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். உள்ளே மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணங்கள், எல்லாம் விளிம்பு உடைந்தவை.

"இந்தா டீச்சரம்மா, கரைக்கு இது போதும்லா. இதுக்கு யாரும் வந்து அழமாட்டாங்க."

பிள்ளைகள் கவிழ்த்துப் புதைத்தார்கள். பதினைந்து பேர்.

மார்ச் 21, திங்கள்

துரை வந்தார். பதினேழு தலை. காமாட்சி வரவில்லை, புல்வெட்டுக்குப் போகிறாள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை. அது அவள் நியாயம்.

இந்த வகுப்பு செய்ததிலேயே கடினமான வேலை எது என்று துரை கேட்டார். பத்துமலை எழுந்தான். "எடுத்தத எடுத்த எடத்துலயே திருப்பி வைக்கிறது சார்." சதாசிவம் சார் அதை ஆங்கிலத்தில் 'சரியாக அளப்பது' என்று சொன்னார். துரை தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

வகுப்பு இருக்கும்.

ஏப்ரல் 10, ஞாயிறு

பாத்தியில் விதைத்த செவ்வந்தி நாற்று விரல் உயரம் வந்துவிட்டது. நேற்று செல்லாயி வந்து, "மூணு நாத்து குடுங்க, அங்க வைக்கணும்" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். இன்று காலை பிள்ளைகளும் கூட வரலாம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். பாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

பத்துமலை நாற்றுகளை ஈரச்சாக்கில் எண்ணி வைத்தான். "டீச்சர், அன்னிக்கு எல்லாரும் எடுத்துட்டுப் போனது முப்பத்தஞ்சு கல்லுதானே? இங்க நாத்து முப்பத்தாறு இருக்கு. ஒண்ணு கூடுதல்."

அம்மா வாசலில் செருப்பில்லாமல், மண்கொத்தியோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரிதான்" என்றேன்.