மண்மேட்டின் உயரம்

ஜனவரி 9, செவ்வாய்

பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பள்ளிப் பேருந்து கிளம்ப அடம்பிடித்தது. ஏழு நிமிடம் தாமதம். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன், தாமதமாகப் போனது இது மூன்றாவது முறை.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தீவனக் கடையில் நின்றேன். கல்லாப் பக்கத்தில் ஒரு காகிதம், கயிற்றில் கட்டிய பேனா. பக்கத்து நிலத்து வெண்டல் க்ராஃப்டின் மனு. வீடுகளிலிருந்து ஆயிரத்தைந்நூறு அடிக்குள் யாரும் துப்பாக்கியால் சுடக்கூடாது என்று ஊர் விதி கொண்டுவர வேண்டுமாம். வேட்டைக்கு மட்டும் விலக்கு. என் நிலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்காக வைத்திருக்கும் சுடுதளத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு அடி. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்திருக்கிறார் மனுஷன்.

நாற்பத்தொரு கையெழுத்து. அதில் பாதிப் பேரின் பிள்ளைகளை நான்தான் தினமும் ஏற்றி இறக்குகிறேன்.

ஜனவரி 10, புதன்

கோபம் தணியவில்லை. சத்தம் தாங்க முடியவில்லை என்கிறார். சனிக்கிழமை மூன்று மணி நேரம். அவருடைய மரம் அறுக்கும் மிஷின் வாரம் முழுக்கக் கத்துகிறதே, நான் மனு எழுதினேனா?

இது எனக்கு விளையாட்டு இல்லை. என்னிடம் சுடக் கற்றுக்கொண்ட மரிபெத் மலைமேல் தனியாக இருக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய பழைய புருஷன் வாசல் கதவை உதைத்துக்கொண்டிருந்தபோது, ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆள் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. ஐம்பது நிமிடமும் அவள் குளியலறைத் தொட்டிக்குள் படுத்திருந்தாள். அடுத்த வசந்தத்தில்தான் பெண்களுக்கான துப்பாக்கி வகுப்பைத் தொடங்கினேன். இன்று பதினொரு பேர். பத்து மைல் சுற்றளவில் இவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

இந்த வகுப்பைவிட உருப்படியாக நான் எதையும் செய்ததில்லை. அதை மூட விடமாட்டேன்.

ஜனவரி 20, சனி

வகுப்புக்கு டுவேன் பிக்கெட் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், மாவட்டத் துப்பாக்கி உரிமையாளர் சங்கத் தலைவன். பன்னிரண்டு வருடமாக அவனும் நானும் துப்பாக்கி உரிமைக்காக ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் சட்டசபைப் படிகளில் நின்றிருக்கிறோம்.

"மனு செல்லும். மார்ச் அஞ்சு ஊர்க்கூட்டத்துல ஓட்டுக்கு வருது" என்றான். "துப்பாக்கி வெச்சிருக்கறத ஊரு தடுக்க முடியாது. ஆனா எங்க சுடலாம், எங்க சுடக்கூடாதுன்னு சொல்லலாம். கிழவன் அந்த ஓட்டைலதான் பூந்திருக்கான்."

மனுவுக்கு எதிராக ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகப் பட்டியல் போட்டோம். எனக்கு எழுபத்தாறு வீடு. எல்லா நாய்க்கும் என்னைத் தெரியும்.

பிப்ரவரி 3, சனி

வெண்டல் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகையைத் திறந்திருக்கிறார், இந்த வருடத்துக்குத் தயார் செய்ய. பின்சுவர்ப் பலகையில் ஒரு துளை. உள்ளே குண்டு. என் சுடுதளத்திலிருந்து வந்ததாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

குண்டைத் தடுக்க நான் எழுப்பிய மண்மேடு எட்டடி. அதைத் தாண்டி ஒரு குண்டு போனதில்லை. நவம்பரில் மான் வேட்டைக்கு வந்த எவனோ சுட்டிருப்பான்.

பிப்ரவரி 5, திங்கள்

கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. என்னைப் பார்த்ததும் அமைதியானார்கள். "ஏன், வெண்டல் வீட்லயும் துளை போடற மிஷின் இருக்கே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக இருந்தது. இன்னொரு முறையும் சொன்னேன்.

பிப்ரவரி 17, சனி

பள்ளி விடுமுறை, வகுப்பு இல்லை. மூன்று நாளாக வெயில். கூட்டத்தில் காட்டப் படம் எடுக்கலாம் என்று சுடுதளத்துக்குப் போனேன். படம் எடுக்கவில்லை.

மேட்டின் முகத்தில் பனிக்கட்டி. அதில் கோடுகள். நீளமான, பளபளக்கும் கோடுகள், எல்லாம் மேல்நோக்கி. குண்டு மண்ணுக்குள் போகவில்லை, உறைந்த மேட்டில் பட்டு வழுக்கி மேலே ஏறியிருக்கிறது. இரண்டு கோடுகள் உச்சி வரைக்கும்.

நின்று சுடும் இடத்துக்கு வந்தேன். மண்வெட்டியால் குத்திப் பார்த்தேன். புல் தட்டுப்பட மூன்றடி தோண்ட வேண்டியிருந்தது. டிசம்பரிலிருந்து வாராவாரம் நாங்களே பனியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி அதன்மேல் நின்றிருக்கிறோம். எட்டடி மேடு எங்களுக்கு ஐந்தடி. ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே. பனியில் பிறந்து பனியில் பஸ் ஓட்டுகிறவளுக்கு.

அங்கே நின்று பார்த்தால், இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே நேர் எதிரில் வெண்டலின் கொட்டகை.

ராய்ஸைக் கூட்டி வந்து காட்டினேன். முப்பத்தாறு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவர், அதிகம் பேசமாட்டார். மேட்டைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். "ம்" என்றார். போதாதா?

பிப்ரவரி 18, ஞாயிறு

டுவேனிடம் போனில் சொன்னேன்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. ராய்ஸுக்கு. இப்ப உனக்கு."

"அம்மா தாயே, அப்படியே விடு. வகுப்ப நிறுத்து, பனி உருகட்டும், மேட்ட உசத்து. யாருக்கும் ஆபத்தில்ல. உண்மையச் சொல்லியே ஆகணும்னா மார்ச் ஆறாந்தேதி சொல்லு."

அவன் கெட்டவன் இல்லை. அடுத்து அவன் சொன்னதும் பொய்யில்லை: "நீ ஒரு ஊர்ல வாயத் திறந்தா, துப்பாக்கியே வேணாங்கறவங்க அதப் பத்து ஊருக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

போனை வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. சொன்னால் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 20, செவ்வாய்

மரிபெத் வீட்டுக்குப் போனேன். பறிபோகப் போவது அவள் சுடப் பழகும் இடம், அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காபிக் கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"நீங்க சொன்னா மூடிடுவாங்க இல்ல?"

"மூடலாம்."

"முதல் நாள் என் கையில துப்பாக்கியக் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க? குண்டு எங்க போய் நிக்கும்னு தெரியாம விசை மேல விரல வெக்காதேன்னு சொன்னீங்க. ஆறு வாரம் அதையேதான் சொன்னீங்க, எனக்குக் கடுப்பே வந்துச்சு." கோப்பையை வைத்தாள். "இப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வருத்தத்தில் இல்லை. இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான் என்று பெருமையாக இருந்தது, அதனால்தான்.

பிப்ரவரி 24, சனி

வெண்டலின் கொட்டகை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரே ஆவி. வாசலில் நின்றே சொன்னேன். கோடுகள், மூன்றடிப் பனி, கடையில் அடித்த கேலி, எல்லாம். அவர் பாகை வடிகட்டுவதை நிறுத்தவில்லை.

முடித்ததும் பின்சுவரைக் காட்டினார். துளை என் நெஞ்சு உயரத்தில். கீழே ஒரு பெஞ்சு, மெத்தை போட்டது.

"எர்மா அங்கதான் உக்காருவா" என்றார். "பின்னல் போட்டுக்கிட்டு. முப்பது வருஷமா."

எர்மா அவர் மனைவி. நல்லவேளை, பாகு காய்ச்ச ஆரம்பிக்கும் முன்னரே வந்த குண்டு. நல்லவேளை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு சின்னக் கோப்பையில் சூடாகப் பாகு ஊற்றிக் கொடுத்தார். "குடி. மூஞ்சி வெளுத்துப் போச்சு. மனுவ வாபஸ் வாங்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ."

"கேக்கலையே" என்றேன்.

மார்ச் 4, திங்கள்

நாளை. ராய்ஸ் பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டார். கூட்டத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு, அறுபது பேருக்கு.

மார்ச் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், எதையும் மறப்பதற்குள்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடம், மடக்கு நாற்காலிகள், நூற்று எழுபது பேர். சாலைச் செலவு, தீயணைப்பு வண்டி எல்லாம் காலையில். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேர் மாடு கறக்கப் போய்விடுவார்கள், எங்கள் பக்கத்து ஆட்களில்தான் மாட்டுக்காரர்கள் அதிகம். இன்றைக்கு ஒருவர்கூட நகரவில்லை. டுவேன் வெளியூர்க்காரன், ஓட்டு இல்லை. பார்வையாளர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதினோராவது தீர்மானமாக வெண்டலின் மனுவைப் படித்தார்கள். கை தூக்கினேன். எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்து நேராகப் பேசக்கூடாது, தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"தலைவர் அவர்களே, நான் நோரின் லபௌண்டி. வெண்டல் கொட்டகையில இருக்கற துளை என் சுடுதளத்துல இருந்து வந்ததுதான். மேடு உறைஞ்சிருந்தது, நாங்க மூணடிப் பனி மேல நின்னு சுட்டிருக்கோம், நான் கவனிக்கல. அவரே துளை போட்டுக்கிட்டார்னு கடையில கேலியும் பண்ணேன். மன்னிப்பு கேக்கணும். அவரப் பாத்துக் கேக்க விதி விடாது, அதனால உங்களப் பாத்துக் கேக்கறேன்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் மன்னிச்சிட்டேன். அவர் கதை எனக்குத் தெரியாது. மேல சொல்லுங்க."

சிரித்தார்கள். மூச்சு வந்தது எனக்கு. எழுதிக்கொண்டு வந்திருந்த திருத்தத்தைப் படித்தேன். தூரக் கணக்கை எடுத்துவிட்டு, இப்படி: சுடுகிற ஆள் நிற்கும் தரையிலிருந்து, அன்றன்றைக்கு அளந்து, மேடு எட்டடி இருக்க வேண்டும். மேடு உறைந்திருந்தால் மூட வேண்டும். ஊர் நியமிக்கும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

"எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. பாதி வயசு இந்த உரிமைக்காகத்தான் கத்தியிருக்கேன், இனியும் கத்துவேன். துப்பாக்கி வெச்சிருக்கவங்கள நம்பலாம்னு உங்ககிட்ட வீடு வீடா வந்து சொன்னேன். இப்ப நான் வாய மூடிட்டு இருந்தா அது பொய்யாயிடும்."

உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் நாலு பேர் எழுந்து வெளியே போனார்கள். திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. மரிபெத் எழப் போனாள். அதற்குள் முன்வரிசையில் வெண்டல் எழுந்துவிட்டார்.

"தலைவர் அவர்களே, வழிமொழியறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சத்தம் சத்தம்தான். அதுக்கு அடுத்த வருஷம் வருவேன்."

எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவாகத் தொண்ணூற்றாறு, எதிராக அறுபத்தெட்டு. திருத்தம் ஜெயித்தது. சுடுதளமும் தப்பித்தது.

பீன்ஸ் ஒரு கரண்டி மிச்சமில்லை என்றார் ராய்ஸ். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "நல்லாப் பேசின நோரி" என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

டுவேன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"ஊர் கையில அளவுகோலக் குடுத்துட்ட. குடுத்தத அவங்க திருப்பித் தர மாட்டாங்க, நோரின். இன்னிக்கு எட்டடி, நாளைக்கு பன்னெண்டு."

"பன்னெண்டு கேட்டா கூட்டத்துல போய்ச் சண்டை போடுவேன்."

"சங்கத்துல உன் பேர எடுக்கச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

வண்டியில் ஏறினான். பன்னிரண்டு வருட நட்பு. வலிக்காமல் இருக்குமா? வலிக்கிறது. ஆனால் அவன் சொன்னதை நினைத்து மனம் மாறவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

மான்ட்பீலியரில் புதுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா மீது விசாரணை. சங்கம் இல்லாமல் முதல் தடவை, நானாகப் போனேன். என் பழைய ஆரஞ்சுச் சட்டையோடு. இரண்டு நிமிடம் எதிர்த்துப் பேசினேன்.

ஒரு செனட்டர் கேட்டார்: "ஊர்ல விதி கொண்டுவந்தது நீங்கதானே? இங்க ஏன் எதிர்க்கறீங்க?"

"அது நான் செஞ்ச தப்புக்கு. இது யாருமே செய்யாத தப்புக்கு."

பின்வரிசையில் டுவேன் இருந்தான். கைதட்டவில்லை. ஆனால் நான் இறங்கி வந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உட்கார்ந்தேன்.

ஜூன் 8, சனி

பார்வையிடும் பொறுப்புக்கு ஊரில் ஒரே ஒருவர்தான் விண்ணப்பித்தார். வெண்டல். நியமனத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் வகுப்பு. பதினாறு பெண்கள், ஐந்து பேர் புதுசு. எட்டே முக்காலுக்கு எர்மாவையும் கூட்டிக்கொண்டு சாலை வழியாக வந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்தாள். மூன்று முறை அளந்தார்கள்.

"ஏழடி எட்டு அங்குலம். மழை கரைச்சிருக்கு. நாலு அங்குலம் கம்மி."

மரிபெத் என்னைப் பார்த்தாள். "நாலு அங்குலத்துக்கா?"

எனக்கும் அதேதான் நாக்கு நுனியில் வந்தது. விழுங்கினேன். "சுடுதளம் மூடியாச்சு" என்று நானே அறிவித்தேன்.

ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வண்டிகளில் கிடந்த மண்வெட்டிகள் வந்தன, இல்லாதவர்கள் வாளியில் சுமந்தார்கள். வெண்டல் உதவவில்லை. தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "இடது பக்கம் பள்ளம்", "இன்னும் கொஞ்சம்" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். பதினொரு மணிக்கு மறுபடி அளந்து, எட்டடி மூன்று அங்குலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். அவர்கள் வீட்டு வாசலை அடையும்வரை யாரையும் துப்பாக்கி எடுக்க விடவில்லை.

மேட்டின் ஓரமாக, தூரத்து மர இடைவெளியில் எர்மா தெரிந்தாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மரிபெத்துக்குச் சைகை காட்டினேன். முதல் குண்டு மண்ணில் போய்ப் புதைந்தது. எர்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.