தாகம் தாங்குகிற செடி

ராயபுரம்
14.7.2025

அன்பு பெனிஷாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். முழங்கால் நீங்கலாக நான் நலம். கடையும் ஓடுகிறது. போனில் சொல்லலாம் என்றால், என் காதில் பாதி உன் பேச்சு விழுகிறது, பாதி துறைமுக லாரிச் சத்தம். அதனால்தான் கடிதம்.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் பிள்ளை ஜெனிஷின் தலைமாட்டில் நீ வைத்த ரோஜா பட்டுவிட்டது. அவன் போன இந்த மூன்று வருஷத்தில் நீயும் மாற்றி மாற்றி வைக்கிறாய். உப்புக் காற்றில், மணல் தரையில் ரோஜா என்ன செய்யும்? காவல்காரர் அசோகன், "இன்னாம்மா, ரெண்டு ஞாயிறா மருமவளக் காணோம்?" என்றார். வேலை இருந்திருக்கும் என்றேன்.

அங்கே செம்பருத்தி வைக்கலாம் என்று இருக்கிறேன். நீ தாவரவியல் படித்தவள், பள்ளியில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாய். எந்த வகை நல்லது என்று எழுது. நான் கேட்பது ஒன்றுதான். யாரும் போகாவிட்டாலும் அது பூக்க வேண்டும்.

இன்னொன்று. நீ வந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே ரயிலுக்கு ஓடுகிறாய். வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது?

பிரியமுள்ள அத்தை,
செல்லக்கனி


அத்திப்பட்டு
22.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு உடனே மாடிப்படி ஏறாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

செம்பருத்தி வேண்டாம் அத்தை. அவருக்கு ரோஜாதான் பிடிக்கும். செம்பருத்தியைப் பார்த்தால் "தலைக்குத் தேய்க்கிற பூ" என்று சிரிப்பார். ரோஜா பட்டதற்கு மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். நான் வராததுதான் காரணம். அந்த இரண்டு ஞாயிறும் பள்ளியில் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். இனி தவற மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்காக மட்டும் எழுதுகிறேன். பெரிதாகப் பூக்கும் ஒட்டு வகைகளை வாங்காதீர்கள். உரம், மருந்து என்று ஓயாமல் கேட்கும். ஐந்து இதழ் நாட்டுச் சிவப்புதான் கெட்டி. நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். அளவுக்கு மீறி ஊற்றினால் மொட்டு உதிரும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடலாம். எங்கள் வாசலில் உள்ள செடி அனல்மின் நிலையத்தின் இத்தனை கரித்தூசியிலும் பூக்கிறது. அம்மா எப்போதாவது இலையைக் கழுவிவிடுவாள், அவ்வளவுதான். ஆனால் வேர் பிடிக்கும் வரை தினமும் தண்ணீர் வேண்டும். அதை யார் ஊற்றுவது?

வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய செடி அங்கே வேண்டாம் அத்தை. நான் வராவிட்டால் வாடுகிற செடியே இருக்கட்டும்.

அன்புடன்,
பெனிஷா


ராயபுரம்
4.8.2025

அன்பு பெனிஷாவுக்கு,

கோபப்படாதே. செடி வைத்தாயிற்று.

எம்.கே.பி. நகர் வேலப்பன் மூன்று சக்கர வண்டியில் செடி விற்றுக்கொண்டு நம் தெருவுக்கு வருவானே, அவனை நிறுத்தினேன். முதலில் உள்ளங்கை அகல மஞ்சள் பூவைக் காட்டினான். எங்கே வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாட்டுச் செடியை எடுத்தான். "அத வுடும்மா. அத தெனம் கொயந்த மாறி பாத்துக்கணும். இத வச்சிட்டு நீ உன் வேலையப் பாத்துகினு போய்கினே இரு." கொஞ்சம் பொறுத்து, "வூட்டுக்காரரா?" என்றான். மகன் என்றேன். பிறகு வண்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து, அவனே குழி தோண்டி வைத்துவிட்டுப் போனான். வேர் பிடிக்கும் வரை அசோகன் தண்ணீர் ஊற்றுவார். அவர் வராத நாளில் நான் போவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் முதல் கடிதம் எழுதும் முன்பே உன் அம்மா கடைக்கு வந்திருந்தாள். உன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ரோஷன் உன்னைப் பெண் கேட்டதையும், உனக்கு மனம் இருந்தும் நீ மறுத்ததையும் சொல்லி அழுதாள். "ஞாயித்துக்கெழம நான் ராயபுரம் போவணும். அத வுட்டுட்டு எப்படிம்மா?" என்றாயாம். அந்த இரண்டு ஞாயிறும் சிறப்பு வகுப்பு இல்லை. நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாய்.

நீ மறுத்தது ஒரு பக்கம். என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

என் மகனுக்கு நீ ஒரு குறையும் வைக்கவில்லை. நீ வாராவாரம் வருவது நின்றால் என் பாடு கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஞாயிறு மதியம் ரயில் சத்தம் கேட்டால் நான் வாசலைப் பார்ப்பேன். ஆனாலும் ஒரு செடியின் தாகத்தைக் காட்டி உன்னைக் கட்டிவைக்க எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் தாகம் தாங்குகிற செடியாகக் கேட்டேன்.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பையனுக்குப் பதில் சொல்.

உன் அத்தை,
செல்லக்கனி


அத்திப்பட்டு
27.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாம் முடிவான பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மதிய இடைவேளையில் ரோஷனிடம் பேசினேன். "உங்க அத்தைக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். அவங்கதான் பேசச் சொன்னாங்க என்றேன். வெகுநேரம் கையிலிருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார். சட்டையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

கல்யாணம் அக்டோபரில்.

இனிமேல் உங்களை அத்தை என்று கூப்பிடக்கூடாதாம். ரோஷனின் அம்மாதான் அத்தையாம். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு இதே பேச்சு. நான் நேரே அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். "ரெண்டு அத்தையும் இருந்துட்டுப் போறோமே, உனக்கு இன்னா கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

எங்கள் கோயிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலையை செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள். என் பெயரோடு, காலஞ்சென்ற ஜெனிஷின் மனைவி என்றும் வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று போதகர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அந்த நேரம் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆராதனை காலை எட்டு மணிக்கு. ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

உங்கள் மருமகள்,
பெனிஷா