சிவப்பு மையில் ஒரு ‘யார்?’

உன் நோட்டைத் திறந்தால் இன்னும் நீலகிரித் தைலம் வாசம் அடிக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது என்று நீ தேய்த்துக்கொண்டே எழுதியதால் தாளிலும் இறங்கிவிட்டது. இன்று காலை நம் மகள் செல்வி அதைக் கொண்டுவந்து உன் தையல் மெஷின் மேல் வைத்தாள். “நாலு மணிக்கு அச்சகத்துலேர்ந்து ஆளு வருதுப்பா. அதுக்குள்ள முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அடுத்த மாதம் உன் ஓராண்டு நினைவுத் திருப்பலி. அன்றைக்கு உன் கடைசி நாவல் புத்தகமாக எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பத்தொன்பது அத்தியாயங்களை முடித்துவிட்டாய். இருபதாவதில் அரைப் பக்கம்தான் இருக்கிறது. அதன் கடைசி வரி, ‘இங்கே அவர் சொல்வார்’. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. அதற்குக் கீழே எட்டு வரி வெறுமையாக விட்டிருக்கிறாய். அந்த எட்டு வரியைத்தான் நான் முடிக்க வேண்டுமாம்.

பதினொரு மாதமாக முடியாதது நாலு மணிக்குள் எப்படி முடியும் என்று தெரியவில்லை. சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் முதல் கதை நினைவுக்கு வருகிறது. செல்வி அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தம்பி அருள் தொட்டிலில் கிடந்தான். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் பத்துப் பக்கத்தைக் கொண்டுவந்து அந்தக் கட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனாய். நானும் ஒன்றும் யோசிக்காமல் அதையும் திருத்திவிட்டேன். விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்த்தேன். லகர ளகரத்தைச் சரிசெய்தேன். ‘அவர்’ என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதினேன். கதை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

வாங்கிப் பார்த்துவிட்டு, “மார்க்கு போடலையா சார்?” என்றாய். மற்ற நேரமெல்லாம் ‘என்னங்க’. கேலி செய்யும்போது மட்டும் ‘சார்’.

“‘அவர்’னு மொட்டையா எழுதுனா எப்புடி? ‘அவள் மண்டியிட்டாள். அவர் வருவார் என்று அவளுக்குத் தெரியும்.’ வாரது யாரு? ஆண்டவரா, அந்தப் பையனா?”

“ரெண்டு பேரும் வரட்டுமே.”

எனக்கு எதையும் எடுத்துக்காட்டில்லாமல் விளக்கத் தெரியாது. வகுப்பில் சொல்வதையே உனக்கும் சொன்னேன். “இப்பப் பாரு. ராமுவும் சோமுவும் சந்தைக்குப் போனாங்க. அவர் கத்தரிக்காய் வாங்கினார். வாங்குனது யாரு?”

“எவரு வீட்ல கத்தரிக்கா புடிக்குமோ, அவருதான்.”

ஒற்றுப்பிழைகளை எல்லாம் திருத்திக்கொண்டாய். ‘அவர்’ ஒன்றைக்கூடத் தொடவில்லை. முப்பது வருடம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு கதையிலும் நான் வட்டம் போட்டேன். ஒவ்வொரு கதையும் அந்த வட்டத்தைத் தாண்டி அப்படியே அச்சுக்குப் போனது.

உன் கதைகளில் காதலிக்கிறவர்கள் ஜெபமும் செய்தார்கள். அது சிலருக்கு நெருடியது. ஒரு நாள் நம் கோயில் உபதேசியார், ஞாயிறு மறைக்கல்வி எடுப்பாரே, அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைக்கூடத் தொடாமல் என்னிடம் சொன்னார். “சார், ஒங்க வீட்டம்மா எழுதுறதுல ‘அவர்’ங்கிறது ஆண்டவரா காதலனான்னு வெளங்க மாட்டேங்குது. படிக்கிற பொம்பளப் புள்ளைக கெட்டுப் போகாதா?”

எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. கதைக்குக் கதை வட்டம் போட்ட ஆள் நான். நீ உள்ளே மெஷினில் இருந்தபடியே கேட்டாய்.

“அய்யா, வெளியாளு யாராச்சும் ஒங்களத் தேடி வந்தா, வீட்ல அக்கா என்ன சொல்லுவாக?”

“என்ன சொல்லுவா? அவரு கோயிலுக்குப் போயிருக்காருன்னு சொல்லுவா.”

“கோயிலுக்குப் போயிருக்கிறது ஆண்டவரா, நீங்களா?”

உபதேசியார் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். உன் கதை வரும் பத்திரிகையின் அடுத்த மாத இதழ் வந்ததும் நம் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார், வாங்கிப் போய்ப் படிக்க.

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்ததே, அது இன்னும் உன் பெட்டியில் இருக்கிறது. எழுதியவர் ஒரு முஸ்லிம் அம்மா. கணவர் கடலுக்குப் போகிறவர். பொட்டலம் கட்டிவந்த தாளில் உன் கதையின் ஒரு பக்கம் மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதில் முன்னும் இல்லை பின்னும் இல்லை. ‘அவர் வருவார்னு போட்டிருந்தீக. அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக போன படகு கரை சேரல. அந்தத் தாள மடியில வச்சிக்கிட்டே இருந்தேன். மறுநா வந்துட்டாக’ என்று எழுதியிருந்தார். அந்த அட்டையை நீ என் சிவப்பு வட்டத்தின் மேலேயே குண்டூசியால் குத்திக் கொடுத்தாய். “இவுகளுக்குப் புரிஞ்சிருச்சு சார்” என்றாய். எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். மெஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டு அந்தப் பலகையில் வைத்துத்தான் எழுதுவாய். யோசனை ஓடவில்லையென்றால் கால் தானாக மிதிக்கும். தைக்கத் துணி இல்லாமல் சக்கரம் மட்டும் சுற்றும். “அம்மா கதையில யாருக்கோ கஷ்டம்” என்பான் அருள். சத்தம் நின்றால் நாங்களும் மூச்சு விடுவோம். செல்வி உன் கோழிக்கிறுக்கலை நல்ல தாளில் படியெடுப்பாள். அருள் அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்ப் புதுக்கோட்டையில் தபாலில் சேர்ப்பான். எழுத்து முடிகிற வாரத்தில் சமையல் என் பொறுப்பு. உப்பில்லாத ரசத்தை நீ “நல்லாருக்கு” என்று சொல்லிக் குடித்தால், கதை நல்லபடி போகிறது என்று அர்த்தம்.

எல்லாக் கதையிலும் ஒரு இடத்தில் நீ நின்றுவிடுவாய். நாயகன் தன் மனதைத் திறந்து அவளிடம் பேச வேண்டிய இடம். ‘இங்கே அவர் சொல்வார்’ என்று எழுதி எட்டு வரி விடுவாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னைப் பிடித்து மெஷின் பக்கத்தில் உட்கார வைப்பாய்.

“சூழ்நிலையச் சொல்றேன். நீங்க அவராட்டம் பேசுங்க.”

எனக்குக் காதல் வசனம் ஏது? முதல் தடவை வியர்த்துவிட்டது. கடைசியில் வாயில் வந்தது வகுத்தல் கணக்குதான். “ஒரு எண்ண இன்னொரு எண்ணால வகுக்கிறோம். சில நேரம் மீதி வரும். அதத் தூக்கிப் போட்டா கணக்குத் தப்பாயிரும். ஓரமா எழுதி வைக்கணும். நான் அந்த மீதி மாதிரிங்க. ஒரு ஓரமா இருந்துக்கிறேன்.”

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டாய். அந்தக் கதைக்குத்தான் அதிகம் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு உன் நாயகர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டுச் சொல்லியே காதலித்தார்கள். மழைமானி, நீட்டலளவை, நிழல் விழும் திசை என்று ஒன்றையும் விடவில்லை. “அப்பா டயலாக் வந்துருச்சு. இனிமே கல்யாணம்தான்” என்பான் அருள்.

ஒன்றை மட்டும் இன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தைகளையெல்லாம் நான் கதைக்கு என்றுதான் சொன்னேன். உன்னைப் பார்த்து, உனக்கென்று, ஒன்றுகூடச் சொன்னதில்லை. பேசும்போது மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி நாவலின் எட்டு வரியை நீ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் விட்டாய்.

“என்னங்க, ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு வேல இருக்கு. யோசிச்சு வைங்க.”

“சூழ்நிலை என்னா?”

“அவரு வந்துட்டாரு. ஆனா ரொம்ப லேட்டு. அவளுக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகிப் போச்சு. லேட்டா வந்தவரு என்ன சொல்லுவாரு?”

“பஸ்ஸு கெடைக்கலன்னு சொல்லுவாரு” என்றேன். நீ நோட்டால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாய்.

சனிக்கிழமை நான் இலுப்பூரில் கூடப் பணிபுரிந்த நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனேன். அன்று காலைப் பூசையில் ஓசை அடக்கி வைத்த போனை மறுபடி மாற்ற மறந்துவிட்டேன். சாப்பிட்டு, பழைய கதையெல்லாம் பேசி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. மெஷின் பக்கத்தில் நாற்காலி சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து சொன்ன பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். செல்வி அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது உன் வலது கையும் பேச்சும் போயிருந்தன. நீ என்னைப் பார்த்தாய். லேட்டாக வந்தவன் உன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். “சாப்ட்டியா?” என்று கேட்டேன்.

நாலு மாதம் இருந்தாய். என்ன செய்வதென்று தெரியாமல் நான் வாத்தியார் வேலையைச் செய்தேன். ஒன்றாம் வகுப்புக்கு வைத்திருந்த எழுத்து அட்டையைத் தேடி எடுத்துவந்தேன். பேச வராத பிள்ளை எத்தனையோ அந்த அட்டையைத் தொட்டுத் தொட்டுத்தான் வாய் திறந்தது. உன் இடது கையைப் பிடித்து ‘அ’ என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்று வாரம் அப்படித்தான்.

ஒரு காலை நீயாகவே அட்டையைப் பார்த்துக் கையை நீட்டினாய். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நோட்டை விரித்து அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். “யாரு?” என்று கேட்டேன். முப்பது வருடம் பிழை என்று கேட்டதை, அன்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

உன் விரல் நடுங்கிக்கொண்டே போய் ‘அ’வைத் தொட்டது. பிறகு ‘வ’. ரொம்ப நேரம் தேடி ‘ர’. மெய்யெழுத்து வரிசை மடித்து மடித்துக் கிழிந்து போயிருந்ததால் புள்ளி வைத்த எழுத்து அட்டையில் இல்லை. விரல் அங்கேயே நின்றது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கேலி செய்யும்போது சிரிக்கும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரித்ததாலா, சொல்ல முடியாததாலா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. “சரி, சரி” என்று உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்கு மேல் நீ அட்டையைத் தொடவில்லை.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “அம்மா ஆண்டவரத்தான்பா சொல்லிருப்பாங்க. ஒரு வசனம் போட்டு முடிச்சிரலாம்” என்கிறாள் செல்வி. நேற்று அருள் சிங்கப்பூரிலிருந்து பேசினான். “அதெல்லாம் இல்லப்பா, ஹீரோதான். வழக்கம்போல நீங்க ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்க. அதுக்குத்தானே அம்மா எடம் விட்டுருக்காங்க” என்றான். பிறகு, “ஒண்ணு சொல்லுங்கப்பா” என்றான். குரல் மாறிவிட்டது. கணக்கில் எடுத்துப் பார்த்தேன், அறிவியலில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பொருளை விளக்க இன்னொரு பொருளைக் காட்டுவதுதான் எடுத்துக்காட்டு. இதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மத்தியானம் முழுக்கப் பத்தொன்பது அத்தியாயத்தையும் திருத்தினேன். விட்டுப்போன ஒற்றுகளைச் சேர்த்தேன். ‘அவர்’ வந்த இடங்களில் வட்டம் போடவில்லை. மண்டியிட்டவள் காத்திருக்கிறாள், அவர் வருவார் என்கிறாள். எனக்கும் அது ஆண்டவராகவும் இருந்தது, அந்தப் பையனாகவும் இருந்தது. சில வரிகளில் உடம்பு கூசியது, அது நானாகவும் இருந்ததால். முப்பது வருடம் உன்னிடம் ‘யார்?’ என்று கேட்டவனுக்கு ஒரு வரிகூடவா உறைக்காமல் போயிற்று?

நாலு மணிக்கு அச்சகத்துத் தம்பி வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், கடைசில எட்டு வரி விட்டுப் போயிருக்கே. அப்புடியே விடவா, எதுவும் வருமா?” என்று கேட்டார்.

“அப்புடியே விடுங்க” என்றேன்.

“கடைசி வரியில புள்ளியும் இல்ல சார். வச்சிரவா?”

நோட்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் நானே வைக்கப் போனேன். முனை தாள்மேல் வரை போய்விட்டது. உன் விரல் ‘ர’வின் மேல் நின்றதே, அதுபோல அங்கேயே நின்றது. அவர் பொறுமையாக இருந்து பார்த்தார். பிறகு மெதுவாக நோட்டை என் கையிலிருந்து வாங்கி, உறைக்குள் வைத்துக்கொண்டு, “வாரேன் சார்” என்று கிளம்பினார்.

செல்வி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, சக்கரத்தைப் பார்க்காமல் உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புப் பேனா மூடி திறந்தபடி கையிலேயே இருக்கிறது. நீ விட்டுப்போன புள்ளி ஒன்று அதன் முனையில் இருக்கிறது. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை