எனக்கு விழுந்த கைதட்டல்

2009 மே 24, ஞாயிறு. ஹேர்னிங், டென்மார்க்.

ஊரில் போர் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. எங்கள் உதைபந்தாட்டக் கழகம் இன்று புதுத் தலைவரைத் தெரிவு செய்தது. ஜேர்மனியிலிருந்து மாப்பிள்ளையாக வந்த குமார்தான். பத்து வருடமாக அவன் அடித்த கோல்களில் பாதி, பின்வரிசையிலிருந்து நான் எடுத்துக்கொடுத்த பந்துகள். பெயர் அவனுக்குப் போனது. இன்று தலைவர் கதிரையும் போய்விட்டது.

கோடைச் சுற்றுப்போட்டி இந்த வருடம் இல்லை, தானும் இனி விளையாடப்போவதில்லை என்றான். சிலர் அழுதார்கள். போன வருடம் நான் விளையாட்டை விட்டபோது ஒருவரும் அழவில்லை.

பிறகு நேரே என்னிடம் வந்து தோளில் கை வைத்தான்.

"அண்ணை, வன்னியில இருந்து தம்பி கதைச்சவரோ?"

எல்லோரும் பார்த்தார்கள். அவனுடைய இரக்கம் எனக்கு வேண்டாம்.

"ஓம், நேற்று அகதி முகாமில இருந்து போன் எடுத்தவன்" என்றேன்.

என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மண்டபத்துக்கே கத்திச் சொன்னான். எல்லோரும் எனக்காகக் கை தட்டினார்கள்.

தம்பி கதைத்து மூன்று மாதம்.

நான் வீடு வருவதற்குள் யாரோ அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறார். படுக்கச் சொன்னேன்.

"உனக்கு எடுத்தவன் எனக்கும் எடுப்பான்தானே" என்கிறார்.