சந்தனத்துக்கு அடியில் ஒரு சொல்

மச்சான்,

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது அந்தப் பழைய வீடியோ கமரா கையில் அகப்பட்டது. லண்டனிலிருந்து அத்தான் அனுப்பியது. பக்கவாட்டில் என் தங்கை வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்து இன்னும் ஒட்டியிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். வாசனை போய்விட்டது. நீதான் நினைவுக்கு வந்தாய்.

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் நாம் இருவரும் ஸ்டூடியோ நடத்திய காலம். தங்கையின் கல்யாணம் கண்டியில் நடந்தது. போரில் பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வரமுடியவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் வீடியோவில்தான் பார்க்கவேண்டும். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குள் இராணுவம் சோதனைக்கு வந்தது. மேளம் நின்றுபோனது. தாலி ஏறி முடிந்ததும் நீ கமராவைக் கீழே இறக்கினாய், நிறுத்த மறந்துவிட்டாய். படையினரின் சப்பாத்துக் கால்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. அந்தக் கசற்றை அப்படியே யாழ்ப்பாணக் கப்பலில் கொடுத்தனுப்பினால் துறைமுகச் சோதனையில் பறித்துவிடுவார்கள், கொண்டுபோகிறவரும் மாட்டுவார்.

கணினியில் ஏற்றிக் கால்களை வெட்டினோம். வேறோர் இடத்து மேளத்தை எடுத்துத் தாலி கட்டும் காட்சியின்மேல் போட்டாய். அருமையாக வந்தது. ஆனால் அதை அந்தக் கமரா வழியாகத் திரும்பவும் கசற்றில் இறக்க முடியவில்லை. மறுநாள் கப்பலுக்கு ஆள் புறப்படுகிறார்.

டவுனில் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் யோசனை கேட்டேன். "கம்ப்யூட்டருக்குள்ள போட்டத அங்கயே வச்சுப் பாருங்க. பட்டதாரி எல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தா இப்பிடித்தான்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதே கமராவிலிருந்து, அதே கேபிள் வழியாகத்தான் படம் கணினிக்குள் போயிருந்தது. ஆகவே கமராவில் பிழையில்லை என்று இருவரும் முடிவுகட்டினோம். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். கேபிளை மாற்றினாய், புதுக் கசற் போட்டாய். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வேறு வேலை இல்லாமல் நீ கமராவைத் துணியால் துடைக்கத் தொடங்கினாய். மூலை முடுக்கெல்லாம் துடைத்தாய், தங்கை பூசையில் வைத்த சந்தனப் பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனாய்.

"அதையும் துடையன்ரா."

"அது ஒங்கட சாமிட சாமான். நான் தொடமாட்டன். வேணுண்டா நீ சுரண்டு."

கேபிள் செருகும் துளைக்கு மேலேதான் பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன். 'அவுட்' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. 'இன்' இல்லை. அந்தக் கமரா படத்தை வெளியே கொடுக்கும், உள்ளே வாங்காது. உள்ளே வாங்கும் கமராவுக்கு ஐரோப்பாவில் வரி கூடவாம், அதனால் அந்த வழியை அடைத்தே விற்றார்கள் என்று பின்னர் அறிந்தேன். அத்தானுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் மலிவானதைத்தான் வாங்கியிருப்பார்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒங்கட அத்தான் மாதிரியேதான் மச்சான். சொல்லுவாரு, கேக்கமாட்டாரு."

பிறகு எழுந்து செருப்பை மாட்டினாய். "காக்கா துபாய்லேந்து கொண்டாந்த கமரா வீட்டுல ஈக்கி. அதுல என்னா எழுதியிருக்கோ பாப்பம்." பஸ் ஏறி அலவத்துகொடவில் உன் வீட்டுக்குப் போய், உன் அண்ணனின் கமராவைக் கொண்டுவந்தாய். அதில் 'இன்', 'அவுட்' இரண்டும் இருந்தன.

"பிஸ்மில்லாஹ்" என்று நீ பொத்தானை அழுத்தினாய். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. கசற் சுழலும் மெல்லிய இரைச்சல் முடியும்வரை இருவரும் மேசையில் கைகூட வைக்கவில்லை. பின்னோட்டி டிவியில் போட்டோம். தங்கை கழுத்தில் தாலி ஏறியது, கெட்டிமேளம் முழங்கியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார்.

கசற் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் திரும்பி வந்து சொன்னார்: "அம்மா திருப்பித் திருப்பிப் பாத்தவ. மேளகாரர் நல்ல ஆக்கள், ஒரு இடத்திலயும் நிப்பாட்டேல்லை எண்டு சொன்னவ."

சில மாதங்களில் அந்தப் பெரிய ஸ்டூடியோக்காரர் அதே சிக்கலோடு நம் வாசலில் வந்து நின்றார். நான் கதிரை காட்டவில்லை. நீ இழுத்துப் போட்டுவிட்டு என் காதில் சொன்னாய்: "இருக்கட்டும் மச்சான். நிண்டுகிட்டுக் கெஞ்சினா சுருக்கா முடிச்சிருவாரு." அவர் ஆற அமரவே கெஞ்சினார். செய்துகொடுத்தோம்.

உன் ஜனாஸாவுக்கு வந்து, அடக்கம் முடியும்வரை நின்றேன். எனக்குப் பகைகளை மறக்கத் தெரியாது, நீ அறிவாய். ஆனால் வேறொன்றையும் நான் மறக்கவில்லை. அன்று கல்யாணக் கசற் வேலை முடிந்ததும் தங்கையைக் கூப்பிட்டு, "தங்கச்சி, மறுகா பொட்டு வைங்க, எழுத்த மறைக்காம" என்றாய். அந்தப் பொட்டுத்தான் இது. இன்று கமராவைத் துடைத்தபோது நானும் அதைச் சுற்றியே துடைத்தேன்.