லேப்டாப்பை மறுபடி கழற்ற வேண்டாம்

என்னங்க,

உலகில் தோன்றியதெல்லாம் ஒருநாள் போய்ச்சேர வேண்டியதுதான், நம் பழைய லேப்டாப்பின் வைஃபை உட்பட என்று நேற்று தீர்ப்புச் சொன்னீர்கள். இன்று காலை நீங்கள் நடக்கப் போயிருந்தபோது அதற்கு உயிர் வந்துவிட்டது.

நான் டியூட்டிக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள், போன தடவை அதனால்தான் பாதியில் வைத்துவிட்டாள். "சாப்பிட்டியாம்மா" என்று கேளுங்கள், அது போதும்.

"நீ ஈரத்துணியால துடைச்சதுலதான் வைஃபை கார்டு போச்சு" என்றீர்களே, அதை ராத்திரி பேசிக்கொள்ளலாம். நீங்கள் கழற்றி மாட்டியதில் மிஞ்சிய இரண்டு திருகுகள் டம்ளரில் இருக்கின்றன. அவை எதற்கு என்று தெரியவில்லை.

பி.கு.: வைஃபை சுவிட்ச் முன் விளிம்பில் இருக்கிறது. 'ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்' என்ற உங்கள் ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டியபோது அது அணைந்துவிட்டது.