வடக்குத்துக்குப் போன முருகேசன்

14.8.2014, வியாழன்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை எங்கள் நிலக்கரிச் சுரங்க ஆஸ்பத்திரியும் அரசின் கிராம நர்ஸ்களும் இனி சேர்ந்தே கவனிப்பது என்று இன்று கூட்டத்தில் முடிவானது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதால், இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கும் வேலை எனக்கு. பக்கவாதம் வந்த முருகேசன் அண்ணன் பெயர் இரண்டிலும் இல்லை. ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்து கிராமத்துக்குப் போனதும் எங்கள் பட்டியலில் அவர் பெயரை அடித்தவள் நான்தான். இனி கிராம நர்ஸ் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, தான் மைன்ஸ்காரர்தானே, ஆஸ்பத்திரியிலிருந்து வருவார்கள் என்று இருந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"அவரு போயி இருவது நாளாவுதுங்க. முதுகுல புண்ணு பெருசாயிடுச்சி. நர்ஸம்மா வருவாங்கன்னு வாசலயே பாத்துக்கினு கெடந்தாரு."

திட்டுவார் என்று நின்றேன். உள்ளே போய், படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் வாட்டர் பெட்டை எடுத்து வந்தார்.

"நீங்க குடுத்ததுதாங்க. கழுவி வச்சிருக்கேன். வேற யாருக்காவது ஆவும்."

புதுப் பட்டியலில் 'யார் பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அண்ணன் பெயரை எழுதி, அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். இறந்தவர் பெயர் எதற்கு என்று அடுத்த கூட்டத்தில் அடித்துவிடுவார்கள்.